பாட்டிலில் போட்ட நாய்வேளை

துறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். உபதேசம் எனக்கு ஆகாது. கேட்கவும் ஆகாது, செய்யவும் ஆகாது. அதனால் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தை எழுதித் தருகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் குப்பை கொட்டியவன் நான். முட்டாள்தனங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் உருப்படியாக எனக்கு ஏதாவது சொல்லிக் கொடுத்தது இது ஒன்றுதான்.

அறுபத்தெட்டோ அறுபத்தொன்பதோ, சரியாக நினைவில்லை. காரைக்குடியில் ஒரு கல்லூரியில் செய்முறை வகுப்பு நடத்துகிற டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்து மூன்றாவது வருஷம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரம் செய்யலாம் என்று சிபாரிசு பண்ண வேண்டிய காகிதம் துறைத் தலைவரின் மேசையில், கண்ணாடிக் குண்டுக்கு அடியில் மாதக்கணக்காக இருந்தது. மேசையைக் கடந்து போகும்போதெல்லாம் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவேன்.

நம் ஊர்ச் செம்மண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நாலு மழை பெய்தால் கால் வைக்கிற இடமெல்லாம் செடி. பங்குனி பிறந்துவிட்டால் களைச்செடிகூடக் கருகிவிடும். பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வோ பங்குனி கடைசியில்தான் வரும். அதனால் எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலத்திலேயே செடிகளைப் பறித்து ஸ்பிரிட் பாட்டிலில் போட்டு வைத்துவிடுவோம். வீட்டில் மாவடு போடுகிற மாதிரிதான். பாட்டிலில் பேர் எழுதி ஒட்டி அலமாரியில் அடுக்கிவிட்டால் தேர்வுக் கவலை தீர்ந்தது என்று நினைப்போம்.

அப்படி நான் போட்டவற்றில் ஒன்று நாய்வேளை. மஞ்சள் பூவும் கடுகு போன்ற விதையுமாக வேலியோரத்தில் முளைத்து நிற்கும். சிலர் நாய்க்கடுகு என்பார்கள். தொட்டால் விரல் ஒட்டும். தண்டிலும் இலையிலும் நெருக்கமாக நிற்கிற சுரப்பி ரோமங்கள்தான் காரணம். உங்களுக்குத் தெரிந்த சங்கதிதான்: அடியில் தோலோடு பதிந்த கால், அதன் மேல் பல செல்களால் ஆன காம்பு, உச்சியில் உருண்டைத் தலை. குண்டூசியைத் தலைகீழாக நட்டு வைத்தது போல இருக்கும். வேலை நடப்பதெல்லாம் தலையில்தான். அங்கே ஊறுகிற பிசின் வெளியே வந்து தலைமேல் ஒரு துளியாக நிற்கும். இலையைக் கடிக்க வருகிற சின்னப் பூச்சி அதில் காலை வைத்தால் ஒட்டிக்கொண்டு அங்கேயே கிடக்கும். அந்தத் துளிதான் செடிக்குக் காவல்.

அந்த வருஷம் கார்த்திகையில் மானகிரிப் பக்கம் போய் ஒரு சாக்கு நிறைய நாய்வேளை பறித்து வந்தேன். ஆய்வுக்கூடத்துக்கு வந்து பார்த்தால் விரலும் விரலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். சீயக்காயைப் போட்டுத் தேய்த்தேன். கை சிவந்ததே தவிர பிசின் போகவில்லை. எங்கள் அட்டெண்டர் கருப்பையா அண்ணன் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அந்தக் கல்லூரிக்கு என்னைவிடப் பத்து வருஷம் மூத்தவர்.

"எதுக்கு சார் இம்புட்டுப் பாடுபடுறீக? இங்குட்டு வாங்க. பஞ்சுல ஸ்பிரிட்டைத் தொட்டுத் தொடைங்க, ஒரு நிமிசத்துல போயிரும்" என்றார்.

மதுவிலக்கு கடுமையாக இருந்த காலம். ஆய்வுக்கூட ஸ்பிரிட்டுக்கு லைசென்ஸ் உண்டு, பூட்டுப் போட்ட பீரோ உண்டு, சாவி துறைத் தலைவரின் இடுப்பில். செடி போடுவதற்காக அன்றைக்கு வெளியே எடுத்து வைத்திருந்தோம். அதில் கையைத் துடைத்தேன். சொல்லி வைத்தாற்போல் பிசின் முழுக்கப் போய்விட்டது. சந்தோஷத்தில் முழங்கை வரைக்கும் தேய்த்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கக் குனிந்தவர், மூக்கைச் சுளித்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாத்தியாரா இருந்துக்கிட்டு நீங்களே இப்படி வாரீகளே சார்" என்றார், பஸ்ஸுக்கே கேட்கும்படி.

நான் செடி, பிசின், பஞ்சு என்று என்னென்னவோ விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் இன்னும் கோணியது. ஒரு மாதம் அந்த பஸ்ஸையே விட்டுவிட்டு வேறு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன்.

இதில் கவனிக்க வேண்டியது என்ன தெரியுமா? பிசினை ஸ்பிரிட் கரைக்கும் என்று கை நிறையத் தெரிந்துகொண்ட அதே நாள், அதே நாய்வேளையை அதே ஸ்பிரிட்டில் போட்டு மூடி, "சுரப்பி ரோமம்" என்று எழுதி ஒட்டியவன் நான். படித்தவன் மூளை இருக்கிறதே, அது தன் கையில் நடந்ததையும் பாட்டிலில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்காது.

தை மாதத்தில் அந்தச் செடியை வைத்து மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பன்னிரண்டு பேர். எல்லோருடைய பதிவு நோட்டிலும் தலை, தலைமேல் துளி, பக்கத்தில் அம்புக்குறி என்று புத்தகத்தில் உள்ளபடியே படம். ஒரு நோட்டில் மட்டும் துளி இல்லை. தலைகூட உருண்டையாக இல்லாமல் கொஞ்சம் சுருங்கியிருந்தது. சிவப்பு மையால் "துளி எங்கே?" என்று எழுதி அனுப்பினேன். நோட்டுக்காரி நேரில் வந்துவிட்டாள்.

பாக்கியம் என்று பேர். அப்பா மரவேலை செய்கிற ஆசாரி. அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். சிவகங்கையில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர் இடம் காலியாக இருந்தது. ஜூன் மாதம் பட்டத்தோடு வந்தால் உனக்குத்தான் என்று தலைமையாசிரியை வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். ஒரு பாடத்தில் போனாலும் செப்டம்பர் மறுதேர்வு வரைக்கும் அந்த இடம் காத்திருக்காது. இது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

"சார், நான் மூணு ரோமம் பாத்தேன். எதுலயும் துளி இல்ல" என்றாள்.

"புத்தகத்துல இருக்குல்ல? போட்டுக்க."

"பாக்காததை எப்படி சார் போடுறது?"

"உனக்கு மார்க் வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். போட்டாளா இல்லையா என்று நான் திரும்பப் பார்க்கவில்லை. மைக்ராஸ்கோப்பையும் போய்ப் பார்க்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே என்ற நினைப்பு.

தேர்வு நாள் வந்தது. மதுரையிலிருந்து வெளித் தேர்வாளர் வந்திருந்தார். ஒல்லியான மனிதர், பெரிய கண்ணாடி, தேவைக்கு மேல் ஒரு சொல் பேச மாட்டார். நம் ஊரில் வெளித் தேர்வாளர் என்றால் சம்பந்தி உபசாரம்தான். பதினொரு மணிக்குத் துறைத் தலைவர் வீட்டிலிருந்து வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் வந்து இறங்கின. மனிதர் இரண்டே பணியாரம் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு மேசை மேசையாக வர ஆரம்பித்தார். பின்னாலேயே துறைத் தலைவர். அவருக்குப் பின்னால் நான்.

கேள்விகளில் ஒன்று நாய்வேளை. பாட்டிலில் உள்ள தண்டிலிருந்து சுரப்பி ரோமத்தை எடுத்துக் காட்டு, படம் வரைந்து பாகம் குறி, அதன் வேலையை எழுது. பதினைந்து மார்க். பாக்கியம் காலையிலேயே முதல் கேள்விக்குத் தண்டைச் சீவும்போது சவரக் கத்தியால் விரலை வெட்டிக்கொண்டு, சீவல் தடிமனாகிப் பாதி மார்க்கை இழந்திருந்தாள். செய்முறைக்குத் தனியாகப் பாஸ் மார்க் எடுத்தாக வேண்டும். இந்தப் பதினைந்தும் போனால் அவள் தேற மாட்டாள்.

தேர்வாளர் அவள் விடைத்தாளைப் பார்த்தார். கால், காம்பு, தலை எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. துளி இல்லை. கீழே ஒரு வரி: "நான் பார்த்த ரோமங்களில் சுரப்பு எதுவும் இல்லை."

"சுரப்பி ரோமம்னு கேட்டா சுரப்பே இல்லைன்னு எழுதியிருக்கியேம்மா" என்றார். "மத்தவங்க எல்லாரும் போட்டிருக்காங்க. உனக்கு மட்டும் ஏன் இல்லை?"

அவள் எழுந்து நின்றாள். கட்டுப் போட்ட விரலை மேசைமேல் ஊன்றிக்கொண்டாள். "இருந்தாப் போட்டிருப்பேன் சார். அளக்காமக் கோடு போட்டா மரம் வீணாப் போயிரும்னு எங்கப்பா சொல்லுவாக."

தேர்வாளருக்கு அது வாய்த்துடுக்காகப் பட்டிருக்க வேண்டும். முகம் இறுகியது. மைக்ராஸ்கோப்பில் ஒரு கணம் குனிந்து பார்த்தார். "ரோமத்தைத் துடைச்சு எடுத்திருக்க. செய்முறையே தப்பு" என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார். அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் ஒரு பூஜ்யம் போடப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது.

அந்த நேரம் பார்த்துக் கருப்பையா அண்ணன் அடுத்த மேசையில் கண்ணாடித் தகடுகளை ஸ்பிரிட் துணியால் துடைத்தார். வாசனை மூக்கில் ஏறியது. உடனே எனக்கு பஸ் கண்டக்டரின் கோணல் முகம் கண்முன்னே வந்து நின்றது. அப்புறம் என் முழங்கை. அப்புறம் மேசைமேல் இருந்த பாட்டில். பிசின் ரோமத்திலே எங்கே இருக்கும்? நாலு மாதமாக அது அந்த ஸ்பிரிட்டில் அல்லவா கரைந்து கிடக்கிறது!

"சார்" என்றேன்.

துறைத் தலைவர் என் முழங்கையைப் பிடித்தார். "நீர் பேசாம நில்லும்" என்றார் காதுக்குள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. கண்ணாடிக் குண்டுக்கு அடியில் என் காகிதம். சொன்னால் தவறு என்னுடையது, அவமானம் துறைக்கு. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. வாழ்நாளில் யோசித்து முடிவெடுத்த காரியங்கள் எனக்குக் குறைவு. இதுவும் யோசித்துச் செய்ததில்லை. அந்தப் பெண்ணின் கட்டுப் போட்ட விரலைப் பார்த்தேன், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சார், அந்தப் பொண்ணு சரியாத்தான் எழுதியிருக்கா. தப்பு என்னோடது. செடியை ஸ்பிரிட்டுல போட்டுட்டேன். பிசின் கரைஞ்சு போச்சு."

தேர்வாளர் பேனாவை மூடாமலே என்னைப் பார்த்தார். "அப்படின்னா மத்த பதினோரு பேருக்கும் துளி எங்கேருந்து வந்துச்சு?"

"நான் போடச் சொன்னது சார்."

துறைத் தலைவர் என் முழங்கையை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சொல்லிட்டாப் போதுமா? காட்ட முடியுமா?" என்று கேட்டார் தேர்வாளர்.

காட்டுவதற்குப் பச்சைச் செடி வேண்டும். பங்குனி வெயிலில் நாய்வேளைக்கு எங்கே போவது? துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கருப்பையா அண்ணன் முன்னால் வந்தார்.

"ஹாஸ்டல் குளிக்கிற தண்ணி போற வாய்க்கால்ல வருசம் பூராவும் கெடக்கு சார். அங்குட்டுத்தான் நான் தெனமும் சைக்கிளை நிப்பாட்டுறேன். கால் மணி நேரம் குடுங்க."

"இதை ஏன்ணே எங்கிட்ட முன்னாடியே சொல்லல?" என்றேன்.

"நீங்க எங்கே சார் கேட்டீக? பாட்டிலைக் கழுவச் சொன்னீக, கழுவுனேன்."

கால் மணி என்றவர் பத்தே நிமிஷத்தில் வேர்வை சொட்டச் சொட்ட ஒரு கைப்பிடிச் செடியோடு வந்து நின்றார். இலையில் இரண்டு கொசு ஒட்டிக்கொண்டு துடித்தன. தேர்வாளர் தண்டைத் தொட்டுவிட்டு விரலைப் பிரிக்க முயன்றார். அது ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு முதல்முறையாக அவர் உதடு கொஞ்சம் வளைந்தது.

தண்டின் ஓரத்தில் ஒரு மெல்லிய சீவல் எடுத்து, தண்ணீரில் வைத்து, கண்ணாடிச் சில்லால் மூடி அவரிடம் கொடுத்தேன். குனிந்தார். "இருக்கு" என்றார். "பெரிய துளி." தலையை எடுக்கவே இல்லை. நான் சில்லின் ஒரு ஓரத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டு, மறு ஓரத்தில் ஒற்றுத்தாளை வைத்தேன். தாள் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, ஸ்பிரிட் சில்லுக்கு அடியில் போனது. எல்லோரும் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"சின்னதாகுது… சின்னதாகுது… போச்சு!" என்றார். அந்தக் குரலில் வெளித் தேர்வாளர் யாரும் இல்லை, மத்தாப்புப் பார்க்கிற பையன்தான் இருந்தான். நிமிர்ந்து பாக்கியத்தின் தாளை எடுத்துப் பதினைந்துக்குப் பதினான்கு போட்டார். ஒரு மார்க் ஏன் குறைந்தது என்று கேட்கும் துணிச்சல் எங்களில் யாருக்கும் இல்லை.

ஆனால் ஆபத்து அதோடு போகவில்லை, ஆள்தான் மாறியது. "இப்ப இந்தப் பதினோரு பேரும் பார்க்காததை வரைஞ்சிருக்காங்க. இவங்களுக்கு என்ன போடுறது?" என்று அவர் கேட்டதும் பதினோரு முகமும் வெளுத்தன. அவர்கள் மேல் குற்றமில்லை, என் பேச்சைக் கேட்டதுதான் குற்றம் என்றேன். கொஞ்ச நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு துறைத் தலைவரிடம், "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. புதுச் செடியைக் குடுத்து இந்தக் கேள்வியைத் திரும்ப எழுதச் சொல்லுவோம். இந்தப் பொண்ணு எழுத வேண்டாம்" என்றார்.

எல்லோரும் தேறினார்கள். பாக்கியம் ஜூன் மாதம் சிவகங்கைப் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். என் காகிதம் இன்னொரு வருஷம் கண்ணாடிக் குண்டுக்கு அடியிலேயே இருந்தது. துறைத் தலைவர் அந்த வருஷம் முழுக்க என்னை "ஸ்பிரிட்" என்றுதான் கூப்பிட்டார். கூப்பிடும்போது சிரிப்பார், கையெழுத்து மட்டும் போட மாட்டார். கருப்பையா அண்ணன் ஆய்வுக்கூடக் குழாயடியில் ஒரு உடைந்த தொட்டியை வைத்து நாய்வேளை வளர்க்க ஆரம்பித்தார். ஊரெல்லாம் ரோஜா வளர்க்கும்போது நாய்க்கடுகுக்குத் தண்ணீர் ஊற்றுகிற துறை என்று மற்றத் துறைக்காரர்கள் கிண்டல் செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

நான் சொல்ல வந்தது இதுவரை சொன்னதில் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில் நடந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவும்.

பதினோரு பேரும் புதுச் செடியைச் சீவிக்கொண்டிருந்தார்கள். எழுத வேண்டாம் என்று சொல்லப்பட்ட பாக்கியம் எழுந்து போகவில்லை. தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள்.

"சார், எனக்கும் ஒரு இலை குடுங்க."

"உனக்குத்தான் மார்க் போட்டாச்சே?"

"மார்க்குக்கு இல்ல சார். நான் அந்தத் துளியை இன்னும் பாக்கல."

கொடுத்தேன். கட்டுப் போட்ட விரலோடு மெதுவாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தாள். திருகைத் திருப்பினாள். பிறகு அப்படியே அசையாமல் இருந்தாள். "ஆத்தாடி" என்றாள் மெல்ல. ரொம்ப நேரம் கழித்துத் தலையை நிமிர்த்தினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"எம்புட்டு அழகா இருக்கு சார்! நெலாவைத் தூக்கித் தலையில வச்ச மாதிரி இருக்கு. நீங்க பாத்தப்பவும் இப்படித்தான் இருந்துச்சா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன். நான் படித்த இடத்திலும் பாட்டில்தான். இங்கே மூன்று வருஷம் பாடம் நடத்தியதும் பாட்டிலை வைத்துத்தான். சற்று முன்னால் தேர்வாளருக்குக் காட்டினேனே, அப்போதும் பார்த்தது அவர் கண், என் கண் இல்லை. கரும்பலகையில் நூறு தடவை அந்தத் துளியை வரைந்திருக்கிறேன். ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"நான் பாத்ததில்லம்மா" என்றேன்.

அவள் ஆச்சரியப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. எழுந்து, ஸ்டூலை என் பக்கமாக இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க சார். காஞ்சு போறதுக்குள்ள பாத்துருங்க" என்றாள்.